கதவோரக் கட்டில்

வியாகுலம்மாளின் இடுப்பு ஒடிந்தது காவிரிப் பாலத்தின் மேல், பட்டப்பகலில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. உறையூரில் அவள் சுற்றிய சுருட்டுக் கட்டுகளை ஸ்ரீரங்கத்தில் ஒரு கடையில் இறக்கிவிட்டு, புருஷனின் ஜட்காவிலேயே திரும்பிக்கொண்டிருந்தாள். கட்டுகளை வாங்கிய கடைக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். கடைக்காரர் சிரித்தால் அவள் என்ன செய்வாள்? அந்தக் கேள்வியெல்லாம் சவரிநாதனுக்குத் தோன்றாது. பாலத்தின் நடுவில் கடிவாளத்தை இழுத்து வண்டியை நிறுத்தினான். முகத்தைக்கூடத் திருப்பாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் காலால் உதைத்துத் தள்ளினான். கருங்கல் சல்லியில் இடுப்பு மோதிய சத்தத்தில் குதிரையே ஒரு துள்ளல் துள்ளிற்று. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர், விழுந்து கிடந்தவள்மேல் சக்கரம் ஏறாதபடி வண்டியை ஒடித்துக்கொண்டு போனார். அவரால் முடிந்த தர்மம் அவ்வளவுதான்.

நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிற்று, ஆனால் இடது கால் குட்டையாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் நொண்டி. சவரிநாதன் அதற்கப்புறம் அவளை ‘ஏ நொண்டி’ என்றுதான் கூப்பிட்டான். ஒடித்தவனே பட்டமும் கொடுத்தான்.

இத்தனைக்கும் அவனைக் கெட்டவன் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. திருச்சி ஜங்ஷனில் வண்டி போடுகிறவன். சவாரிக்கு வரும் கிழவிகளைக் கைகொடுத்து ஏற்றுவான். குதிரையை ஒருநாளும் அடித்ததில்லை, சாட்டையைக் காற்றில் சொடுக்குவதோடு சரி. அடியையெல்லாம் வீட்டுக்கென்று மிச்சம் பிடித்து எடுத்து வந்தான்.

அதற்கு ஒரு நேரமும் வைத்திருந்தான். பாலக்கரையில் அவர்கள் குடியிருந்த சந்துக்குப் பின்னால்தான் மாதா கோயில். அங்கே சாயங்காலச் செபத்துக்குத் திரிகால மணி அடித்ததும் கள்ளுக்கடையை விட்டு எழுந்துவிடுவான். குடியிலும் அப்படி ஓர் ஒழுங்கு! சந்து முனையில் குதிரையைக் கட்டிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வருவான். குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டியில் கையை விட்டு வாயைக் கொப்பளிப்பான். அங்கே இடது பக்கம் திரும்பினால் கதவு. தலைத்துண்டை அவிழ்த்துக் கதவருகே இருக்கும் ஆணியில் மாட்டுவான். உள்ளே நுழைந்ததும் வலது கைப்பக்கம், தாழ்ப்பாளைத் திறந்துவிட அவள் காத்து உட்கார்ந்திருக்கும் பாய். “ஏண்டி, கதவைத் தொறக்க இவ்வளவு நேரமா?” என்பான். அவள் எவ்வளவு சீக்கிரம் திறந்தாலும் அதைத்தான் கேட்பான். கேட்டு முடிப்பதற்குள் கை இறங்கிவிடும்.

காதில் அடித்ததில் ஒரு காது மந்தமாயிற்று. முன்பல் இரண்டு போயின. ஒருமுறை மாசமாக இருந்தவளின் வயிற்றில் முழங்காலை வைத்து அழுத்தினான். அந்தப் பிள்ளை தங்கவில்லை, அதற்குப் பிறகு எதுவுமே தங்கவில்லை. அவள் பெற்றவளிடம் போய் அழுதாள். பக்கத்து வீட்டாரிடம் சொன்னாள். பங்குச் சாமியாரிடமும் சொன்னாள். எல்லோரும் ஒரே படத்தைத்தான் காட்டினார்கள். நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்து நிற்கும் வியாகுல மாதா படம். மாதா பேரை வைத்துக்கொண்டு நீ தாங்க மாட்டாயா என்றார்கள். மாதாவை யாராவது தினம் சாயங்காலம் மணி அடித்ததும் மயிரைப் பிடித்து இழுத்தார்களா? அதை யாரும் யோசிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்துகொள்வாள். அவன் அடித்த அத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட அவள் கை மேலே எழும்பியதில்லை.

பிறகு ஒரு மழைநாளில், மணி அடிக்க ஆரம்பித்தபோது, அவள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள். முன்கூட்டி எதுவும் நினைத்துவைக்கவில்லை. அந்தக் குட்டைக் கால் தானாகப் போயிற்று, நல்ல கால் பின்னால் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பங்களாவில் ஆயா வேலை கிடைத்தது. அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாளே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டாள். புருஷன் எங்கே என்று கேட்டவர்களிடம், செத்துட்டாருங்க என்றாள். வெள்ளைச் சேலைக்காரியிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை என்பதை அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள்.

பல வருஷம் கழித்து, நின்று வேலை செய்ய இடுப்பு இடம் கொடுக்காமல் போனபோது திருச்சிக்கே திரும்பினாள். ஊருக்கு மேற்கே, மலைக்கோட்டை தெரிகிற தூரத்தில், நாதியில்லாத கிழவர் கிழவிகளைக் கன்னியாஸ்திரீகள் வைத்துக் காப்பாற்றும் மடம் ஒன்று இருந்தது. அதில் சேர்த்துக்கொண்டார்கள். பெண்கள் கூடத்தில் கதவை ஒட்டி, வலது கைப்பக்கம், முதல் கட்டில் அவளுக்கு. கம்பை ஊன்றி, நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு தூரம் நடக்க வேண்டாமே என்று அமலராணி சிஸ்டர் பார்த்துக் கொடுத்த இடம் அது. பெண்கள் கூடத்தைக் கவனித்துக்கொள்பவர் அந்தச் சிஸ்டர்தான். சின்ன வயது, பெரிய குரல்.

மடம் என்றால் கிழடுகள் அமைதியாகச் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கும் இடம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நல்ல கதை! வெந்நீருக்கு அடிதடி, போர்வைக்கு அடிதடி. காலும் கண்ணும் போன பிறகு மனுஷருக்கு மிஞ்சுவது வாயும் நகமும்தான். எல்லாரும் விழுந்துவிடாமல் நடப்பதற்காகத் தாழ்வாரச் சுவர் நெடுக மூங்கில் கழி அடித்திருந்தார்கள். ஆண்கள் கூடத்திலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு வந்தால், கோயிலுக்குள் போகுமுன் கால் கழுவும் கல்தொட்டி வரும். தொட்டிக்கு நேராகப் போனால் கோயில். இடது பக்கம் திரும்பினால் பெண்கள் கூடம். எந்தக் கூடத்துக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கிழவி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு செத்துக் கிடந்து, கதவை உடைக்க நேர்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள்.

அந்த மடத்துக்குத் தலைவியான பெரிய தாயாருக்கு ஒரு பெருமை உண்டு. வேப்பமரத்தடியில் தனியாக ஓர் அறை கட்டி, அதற்குத் தம்பதி அறை என்று பெயர் வைத்திருந்தார். கோயிலில் கைப்பிடித்தவர்கள் கடைசி மூச்சுவரை ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். கலியாணமான இரண்டு பேர் மடத்துக்குள் வந்தால் அவர்கள் விருப்பத்தைக் கேட்க மாட்டார். அந்த அறைதான். அப்படிப் போட்ட ஒரு ஜோடியில் கிழவர் மூக்குப்பொடி டப்பாவைக் கிழவியின் தலையில் எறிந்து மண்டையை உடைத்தார். அதற்கும் பெரிய தாயார் இருவரையும் முழங்காலில் நிறுத்தி ஒரு செபம் சொல்லவைத்தாரே தவிர, அறையை மாற்றவில்லை.

அந்த வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு திருச்சிக்கு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அந்த அமளியில்தான் ஜங்ஷன் பக்கம் விழுந்து கிடந்த ஒரு கிழவரைப் போலீஸ்காரர் இருவர் தூக்கிவந்து மடத்தில் விட்டார்கள். இரண்டு கண்ணிலும் புரை. கால்கள் சுள்ளிக்குச்சி. தோளும் கையும் மட்டும் இன்னும் கடிவாளம் இழுத்த தோளும் கையுமாகவே இருந்தன. பெயர் சவரிநாதன் என்றார், ஊர் பாலக்கரை என்றார், இப்போது எங்கே இருக்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

வியாகுலம்மாள் அவரைக் கோயிலில் பார்த்தாள். ஆண்கள் வரிசையில், அவர்கள் கூடத்து வேலைக்காரன் பிச்சை கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தான். கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்ட விதத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷம் கழித்து, கண் தெரியாத, நிற்கமுடியாத கிழவனைப் பார்த்து! அவளுக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயம்தான் பெரிதாக இருந்தது.

நான்கைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் திரிகால மணி அடித்து முடிந்தது. தாழ்வாரத்தில் மூங்கில் கழியைத் தடவும் சத்தம் கேட்டது. கால்கள் தரையில் இழுபட்டு வந்தன. தொட்டியில் தண்ணீர் அளைந்தது. யாரோ வாயைக் கொப்பளித்துத் துப்பினார்கள். வியாகுலம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து, கதவருகே தீர்த்தக் கிண்ணம் தொங்கும் ஆணியைத் தடவிக் கண்டுபிடித்து, அதில் மாட்டினார்.

“ஏண்டி, கதவைத் தொறக்க இவ்வளவு நேரமா?”

முதல் அடி காதில் விழுந்தது, அதே மந்தக் காதில். இரண்டாவது வாயில். அவள் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். அவர் அவள் கொண்டையைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் மோதினார். கூடத்துக் கிழவிகள் போட்ட கூச்சலில் பிச்சை ஓடிவந்து, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்துப் போனான். அவன் கையில் கிழவர் கடித்த கடியில் ரத்தம் வந்தது.

“பாவம், வழி தப்பி வந்துட்டாரு. பெரியவருக்கு எடம் பிடிபடல” என்றார் அமலராணி சிஸ்டர், அவள் உதட்டுக்கு மருந்து வைத்துக்கொண்டே.

வழி தப்பவில்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கண்ணும் புத்தியும் கைவிட்ட அந்த மனுஷர் சுவர், தொட்டி, இடது பக்கம், ஆணி, வலது கை என்று தம் வீட்டுக்குச் சரியாகத்தான் வந்திருந்தார். அதை எப்படிச் சொல்வாள்? இவர் என் புருஷன் என்று வாயைத் திறந்தால் அன்றைக்கே பெரிய தாயார் வேப்பமரத்தடி அறையைப் பெருக்கச் சொல்லிவிடுவார். இங்கே சாயங்காலம் ஒருவேளை அடி. அங்கே நாள் முழுக்க. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். சில நாள் பிச்சை வழியிலேயே பிடித்துவிடுவான். சில நாள் அவன் அடுப்படியில் இருப்பான். கயிற்றால் கட்டிப்போடலாம் என்றான் பிச்சை. மனுஷரைக் கட்டக்கூடாது என்று பெரிய தாயார் சொல்லிவிட்டார். வியாகுலம்மாளின் மணிக்கட்டு வீங்கிற்று. கன்னத்து எலும்பு கறுத்தது. கட்டிலை மாற்றித் தரச்சொல்லிக் கேட்டாள். மாற்றிக்கொள்ள யாரும் முன்வரவில்லை, கதவோரக் கட்டிலுக்கு அடி நிச்சயம் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

பாஸ்காவுக்கு முந்திய நாற்பது நாள் தவசு காலம் அது. அமலராணி சிஸ்டர் கிழவரின் மனம் சாந்தமாகக் கூடம் முழுவதையும் சேர்த்து ஒன்பது நாள் செபம் தொடங்கினார். செபம் முடிகிற சமயம் பெரிய வியாழன் வந்தது. அன்று சாயங்காலம் கிழவர் வரவில்லை. பெரிய வெள்ளியன்றும் வரவில்லை. கட்டிலிலேயே சாதுவாகப் படுத்திருந்தாராம். கூடமே மாதாவுக்குத் தோத்திரம் சொல்லிற்று. புதுமை நடந்துவிட்டது என்று சிஸ்டரின் கண்ணில் நீர் வந்தது.

ஒருவருக்கும் தோன்றவில்லை, பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணிகளை நிறுத்திவிடுகிறார்கள் என்பது. ஆண்டவர் கல்லறையில் இருக்கும்வரை மணி ஊமை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். மணி கேட்காத மனுஷர் எதற்கு வீட்டுக்குக் கிளம்புவார்?

வியாகுலம்மாளுக்கு அது தோன்றிற்று. தோன்றியதைத்தான் பிற்பாடு அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கூடத்தின் கடைசி மூலையில் அற்புதம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். பிறவிக் குருடு, கலியாணம் கட்டாதவள், வாய்த்துடுக்குக்காரி. மடத்தில் வியாகுலம்மாளுக்கு இருந்த ஒரே சிநேகிதி. மூலையில் புழுங்கிச் சாகிறேன் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை இரவு, “அந்தாளுதான் அடங்கிட்டானே, எனக்கு ஒன் கட்டிலக் குடேன், காத்து வரும்” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வியாகுலம்மாளுக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் எழுந்து, தன் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலைப் பூசையில் மணிகள் திரும்ப வாய் திறந்தன. சாயங்காலம் திரிகால மணி அடித்தது. தொட்டியில் தண்ணீர் அளைந்தது. துண்டு ஆணியில் ஏறிற்று.

“ஏண்டி, கதவைத் தொறக்க இவ்வளவு நேரமா?”

அற்புதம்மாளுக்கு அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. தடுக்கக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் மூலைவரை கேட்டது. அற்புதம்மாள் கட்டிலிலிருந்து விழுந்து, எழுந்து ஓட வழி தெரியாமல், கதவென்று நினைத்துச் சுவரில் போய் முட்டிக்கொண்டாள். நெற்றி பிளந்தது. கிழவர் அவளை விடாமல் காலால் தேடித் தேடி உதைத்தார். மூலையில் வியாகுலம்மாள் தலையை இரண்டு கையாலும் மூடிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பாஸ்கா, ஆண்டவர் உயிர்த்தெழுந்த பண்டிகை. எல்லாரும் பண்டிகைச் சோறு சாப்பிடும்போது, கையில் கட்டும் தலையில் கட்டுமாகப் படுத்திருந்த அற்புதம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பாலக்கரை வீடு, மணி, தொட்டி, வெள்ளைச் சேலை, பொய், எல்லாம்.

அற்புதம்மாள் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

“அப்ப, வருவான்னு தெரிஞ்சுதான் என்னைப் படுக்க வச்சியா?”

“தெரியும் அற்புதம்.”

“தூ!” என்று அவள் இருக்கும் திக்கில் காறித் துப்பினாள் அற்புதம்மாள். சரியாக முகத்தில் விழுந்தது. “நான் குருடி. எங்கேருந்து அடிக்கிறான்னு தெரியல, வாங்கிக்கிட்டேன். ஒனக்குத்தான் ரெண்டு கண்ணு இருக்கே? கையில கம்பு வேற இருக்கு. அதை வச்சிக்கிட்டு என்னத்த செய்யற, நடக்க மட்டுமா?”

வியாகுலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூலைக்குப் போய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு, கதவோரக் கட்டிலுக்கே திரும்பி வந்தாள். மூலையிலேயே இருந்திருக்கலாம். செத்த பிறகுதான் அவளை அங்கிருந்து எடுத்திருப்பார்கள், ஒரு அடி விழுந்திருக்காது. இன்னொருத்தி வாங்கிக்கொண்டிருப்பாள். அதுதான் அவளைக் கொன்றது. இதுவரை அடிபட்டவளாக மட்டும் இருந்தாள். இப்போது அடிக்கக் கொடுத்தவளும் ஆகிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல வேலங்கம்பு, நுனியில் இரும்புப் பூண் போட்டது. மணி அடித்தது. கழியைத் தடவும் சத்தம். தண்ணீர். இடது பக்கம். கதவு. துண்டு.

“ஏண்டி, கதவைத் தொறக்க—”

முதல் அடியை வாங்கிக்கொண்டாள். பழக்கதோஷம், தலை தானாகக் குனிந்தது. கொண்டையில் அவர் விரல் பட்டபோது கம்பை ஓங்கினாள். அது அவர் முழங்கையில் விழுந்தது. அவர் ‘ஹா’ என்றார். அடுத்தது முழங்காலில். அதற்கடுத்தது எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. குட்டைக் காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து எழுந்து நின்றுகொண்டு அடித்தாள். தோளில் அடித்தாள், விலாவில் அடித்தாள். பூண் பட்டுக் காதோரம் கிழிந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் இறங்கிற்று. கிழவிகள் ‘சேசுவே, சேசுவே’ என்று அலறினார்கள். மூலையிலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும், “போடு! இன்னும் போடு!” என்றது. அவள் போட்டாள். பாலத்துக்கு ஒன்று. பிள்ளைக்கு ஒன்று. அற்புதத்தின் கைக்கு ஒன்று. அவர் கதவில் சாய்ந்து, சறுக்கி, தரையில் உட்கார்ந்தார்.

இப்போது எழுந்து வந்து கொன்றுவிடுவார் என்று அவள் நினைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, கம்பை ஓங்கியபடியே நின்றாள்.

கிழவர் இரண்டு கையையும் கூப்பினார். வெளுத்த கண்களைத் திறந்து திறந்து மூடினார்.

“யாருங்க தாயி நீங்க?” என்றார். “மன்னிச்சுக்கங்க. வீடு மாறி வந்துட்டேன். எம்பொண்டாட்டி கை ஓங்க மாட்டா. இது எங்க வீடு இல்லீங்க.”

சுவரைப் பிடித்து, தடுமாறி எழுந்து, ஆணியில் இருந்த துண்டைத் தடவி எடுத்துக்கொண்டு, கதவைப் பதவிசாகச் சாத்திவிட்டுப் போனார். ஓடிவந்த பிச்சை வழியிலேயே அவரைத் தாங்கிக்கொண்டான். வியாகுலம்மாள் கம்பைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. இளவயதிலேயே திருப்பி ஒன்று கொடுத்திருந்தால் அடங்கியிருப்பான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்கு ஓங்கியிருந்தால் சவரிநாதன் அவளைக் கொன்று தொட்டியடியில் போட்டிருப்பான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும், ‘கை ஓங்க மாட்டா’ என்ற அந்த வார்த்தையை அவளால் விழுங்க முடியவில்லை.

அடித்ததைப் பெரிய தாயார் சும்மா விடவில்லை. கண் தெரியாத மனுஷரை ரத்தம் வர அடிப்பதா? நேரில் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. அமலராணி சிஸ்டர்தான் அவளைக் கைப்பிடித்து ஆண்கள் கூடத்துக்குக் கூட்டிப்போனார். சவரிநாதன் காதில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அடி வாங்கியது அவருக்கு நினைவில் இல்லை. வேறு கவலையில் இருந்தார்.

“யாரு வந்திருக்கறது? கொஞ்சம் வழி சொல்லுங்க தாயி. ரெண்டு நாளா வீடு தேடறேன், அம்புடல.”

“எந்த வீடு தாத்தா?” என்றார் சிஸ்டர்.

“பாலக்கரையில கோயிலுக்குப் பின்னால சந்துங்க. வியாகுலம் வீடுன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும். சுருட்டு சுத்துவா. எடது காலு கொஞ்சம் குட்டைங்க. கதவத் தொறக்கக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பா.”

சிஸ்டரின் கை வியாகுலம்மாளின் கையைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி இறுகிற்று. சிஸ்டர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கறுத்த கன்னத்தைப் பார்த்தார். குனிந்து, தரை எட்டாமல் பெருவிரல் ஊன்றி நிற்கும் இடது காலைப் பார்த்தார். இந்த மாதங்களில் மருந்து வைத்த காயம் ஒவ்வொன்றும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். முகம் வெளிறிவிட்டது.

முடிந்தது என்று நினைத்தாள் வியாகுலம்மாள். சிஸ்டர் பொய் பேசாதவர். பெரிய தாயாரிடம் எதையும் மறைக்கமாட்டேன் என்று வார்த்தை கொடுத்துக் கன்னியாஸ்திரீ உடுப்பு வாங்கியவர். இன்று ராத்திரியே வேப்பமரத்தடியில் இரண்டு கட்டில் போட்டுவிடுவார்கள். எப்படியோ பேசினாள்.

“அந்தம்மா செத்துட்டாங்க பெரியவரே.”

கிழவர் தலையைத் திருப்பினார். அந்தக் குரலை எங்கோ கேட்ட மாதிரி அவர் முகம் சுருங்கிற்று. “யாரு சொன்னா? யாரு சொன்னா அப்படி? சிஸ்டரு, நெசமாங்களா?”

தாழ்வாரத்தில் பிச்சை வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. அமலராணி சிஸ்டர் கழுத்துச் சிலுவையைக் கையால் மூடிக்கொண்டார்.

“நிஜந்தான் தாத்தா,” என்றார். அந்தப் பெரிய குரல் இல்லை. “செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. நீங்க இனிமே அவங்களைத் தேட வேணாம்.”

கிழவர் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நல்லவளுங்க, நல்லவளுங்க என்று அதையே சொல்லி அழுதார். வியாகுலம்மாள் நின்று பார்த்தாள். இரக்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்தது வெறும் களைப்பு.

அதற்குப் பிறகு மணி அடித்தபோதெல்லாம் அவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி இல்லாத வீட்டுக்குப் போக என்ன இருக்கிறது? சிஸ்டர் தம் பாவத்தை யாரிடம் எப்போது சொன்னார் என்பது தெரியாது. பெரிய தாயார் காதுக்கு மட்டும் அது போகவில்லை. அற்புதம்மாள் மூன்று வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கட்டு அவிழ்த்த அன்று, “என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போடி” என்று கையை நீட்டினாள். அந்தக் கை சற்றுக் கோணலாகவே கூடியிருந்தது.

ஐப்பசி அடைமழையில் சவரிநாதன் காய்ச்சல் கண்டு இறந்தார். மடத்துக் கல்லறையில் குழிக்குப் பக்கத்தில் எல்லாரும் நின்றார்கள். மண் போட உறவு யாரும் இல்லையா என்று பெரிய தாயார் கேட்டார். அமலராணி சிஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாகுலம்மாள் கம்பை இறுக ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். கடைசியில் பிச்சைதான் ஒரு கைப்பிடி போட்டான்.

அன்று சாயங்காலம் மணி அடித்தபோது அவள் கூடத்தில் இல்லை. கிணற்றடியில் நின்று, இருபது வருஷத்துக்கு மேலாகக் கட்டிய வெள்ளைச் சேலையை அடித்துத் துவைத்து, கொடியில் போட்டாள். ஈரப் பாவாடையோடு ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து, அற்புதம்மாளின் பெட்டியைத் தட்டினாள்.

“கிறிஸ்துமஸுக்கு ஒன் தம்பி எடுத்துக் குடுத்தானே, ஒரு சேலை. கட்டவே இல்லையே நீ?”

“அது செகப்புன்னு சொன்னாங்க. எனக்கென்னத்துக்குச் செகப்பு?” என்ற அற்புதம்மாள் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, “ஏன், ஒனக்கு எதுக்கு?” என்றாள்.

“குடு,” என்றாள் வியாகுலம்மாள். “கட்டிக்கணும்.”